ஆபரேஷன் நேரத்தில் நரம்பைக் கண்காணிப்பது எப்படி? அதற்காக மயக்க மருந்து ஏன் மாறுகிறது?

பெங்களூரில் முதுகெலும்பு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்களிடம் மருத்துவமனை ஒரு உத்தேசச் செலவுத் தாளைக் கொடுக்கும். ஸ்க்ரூ, ராடு, ஐ.சி.யூ. படுக்கை, மருந்து என்று வரிசையாக இருக்கும். நடுவில் ‘நியூரோ மானிட்டரிங்’ என்று ஒரு வரி. ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் தங்கவயல் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் நம் ஆட்கள் பலரும் அந்த வரியில்தான் விரலை வைப்பார்கள். “இது என்ன சார்? கட்டாயம் வேணுமா?”

நியாயமான கேள்வி. தியேட்டரில் ஒரு ஓரமாக, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் மானிட்டரிங் ஆள் நான். என்னிடமும் அடிக்கடி கேட்கிறார்கள். திரையில் ஓடுவதை விளக்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி, தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து டாக்டரைப் பற்றியது. அவர் தரும் மருந்து ஒத்துவரவில்லை என்றால் எவ்வளவு விலையுள்ள மானிட்டரும் வெறும் கோடு போட்டுக்கொண்டிருக்கும். நோயாளிகளிடம் இதை யாரும் சொல்வதில்லை. அதனால் இங்கே அதற்குத்தான் இடம் அதிகம்.

எதைக் கண்டு பயப்படுகிறோம்

14 வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. ஸ்கோலியோசிஸ் என்பார்கள். வளைவு அதிகமாகிக்கொண்டே போவதால் ஆபரேஷன். குப்புறப் படுக்கவைத்து, முதுகைத் திறந்து, எலும்புகளில் ஸ்க்ரூ இறக்கி, ராடு போட்டு, வளைவை நிமிர்த்துவார்கள். அந்த எலும்புக்கு உள்ளேதான் தண்டுவடம் இருக்கிறது. ஸ்க்ரூ கொஞ்சம் உள்பக்கம் தள்ளிப் போனால் அதை அழுத்தலாம். நிமிர்த்தும்போது தண்டுவடம் இழுபட்டு அதற்குப் போகும் ரத்தம் குறையலாம். காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான்: கண் விழிக்கும்போது கால் அசையாது.

உடனே பயந்துவிட வேண்டாம். காரணம் தெரியாமல் பதின்வயதில் வரும் சாதாரண வளைவுகளில் இப்படி நடப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான். ஆனால் நடந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க. இன்னொன்றும் இருக்கிறது. இழுபட்ட தண்டுவடம் உடனே செத்துவிடுவதில்லை. சில நிமிடங்களுக்குள் கண்டுபிடித்து இழுப்பைத் தளர்த்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும். எனவே கேள்வி, அந்தச் சில நிமிடங்களுக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான். ஆள் ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிறாள். “காலை ஆட்டு பாப்பா” என்று கேட்க முடியாது.

ஒரு காலத்தில் நிஜமாகவே அப்படித்தான் கேட்டார்கள். பிரான்சில் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஸ்டாக்னாராவும் அவரது சகாக்களும் 1973இல் எழுதிய முறை அது. ராடு போட்டு நிமிர்த்தியதும் மயக்கத்தைக் குறைத்து, நோயாளியைப் பாதி எழுப்பி, கையை மடக்கு, இப்போது கால் விரலை ஆட்டு என்பார்கள். ஆட்டினால் நல்லது. மறுபடி மயக்கம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். இன்றும் மானிட்டரில் சந்தேகம் வந்தால் இந்தச் சோதனைக்குப் போவது உண்டு. பெங்களூர் தியேட்டரில் இதற்கு ஒரு கூடுதல் தயாரிப்பு வேண்டும். நோயாளிக்கு எந்த மொழி என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். அரை மயக்கத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளையிடம் “காலு அல்லாடிசு” என்று கன்னடத்தில் சொன்னால் அசையாது. உடனே எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும்.

ஆனால் இந்தச் சோதனை ஒரு நொடியைத்தான் காட்டும். எழுப்பிப் பார்த்த பிறகு இறக்கிய ஸ்க்ரூவைப் பற்றி அதற்குத் தெரியாது. குப்புறப் படுத்த ஆள் திமிறினால் தொண்டைக் குழாய் வெளியே வந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. சின்னக் குழந்தை, காது கேளாதவர், சொன்னதைப் புரிந்துகொள்ள முடியாதவர் என்றால் முயற்சிப்பதே கஷ்டம். ஆபரேஷன் நடக்கும் நேரம் முழுக்க, ஆளை எழுப்பாமலே நரம்பிடம் மட்டும் கேட்கும் வழி தேவைப்பட்டது.

கணுக்காலிலிருந்து மூளைக்கு, மூளையிலிருந்து காலுக்கு

முதல் வழி கீழிருந்து மேலே. கணுக்காலின் உட்புறம் ஓடும் நரம்புக்குச் சின்ன மின்துடிப்பு கொடுக்கிறோம். அந்தச் செய்தி காலில் ஏறி, தண்டுவடத்தின் பின்பகுதி வழியாகப் போய், மூளையின் மேற்பரப்பைச் சேர்கிறது. தலைத்தோலில் வைத்த எலக்ட்ரோடு அதைப் பிடிக்கும். பெரியவர்களுக்குக் காலிலிருந்து போய்ச்சேர ஏறக்குறைய 40 மில்லிசெகண்ட் ஆகும். மணிக்கட்டிலிருந்து என்றால் 20. இதை எஸ்.எஸ்.ஈ.பி. என்பார்கள். புலன் பாதைச் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அலை மிகச் சின்னது. ஒன்றிலிருந்து சில மைக்ரோவோல்ட் வரைதான் வரும். மூளையின் சொந்த மின்னலைகளே பத்து, இருபது, ஐம்பது மைக்ரோவோல்ட் என்று அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கும். போதாததற்கு நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரைச்சல் வேறு. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் தேர் அன்று கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் மட்டும் ஒரே தாளத்தில் கை தட்டுகிறார் என்றால் ஒரு தட்டைக் கேட்டு அவரைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் தட்டும் நேரம் தெரிந்து, அந்த நேரங்களை மட்டும் நூறு முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கூச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரைந்துவிடும், கைதட்டு நிற்கும். கருவி செய்வது அதேதான். நொடிக்கு நாலைந்து துடிப்பு கொடுத்து, சில நூறு பதில்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. அதனால் ஒரு படம் தெளிவாக வர ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும்.

இரண்டாவது வழி மேலிருந்து கீழே. உச்சந்தலையின் இரு பக்கமும் சுருள் ஊசி எலக்ட்ரோடு வைத்து, மூளையின் இயக்கப் பகுதியைச் சில நூறு வோல்ட்டில் தூண்டுகிறோம். ஒவ்வொரு துடிப்பும் மிகக் குறுகியது, மில்லிசெகண்டில் ஒரு சின்னப் பங்கு. செய்தி தண்டுவடத்தின் முன்-பக்கப் பகுதிகள் வழியாக இறங்கி, கால் தசையைத் துடிக்கவைக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசையிலும் பாதத்திலும் கைக் கட்டைவிரலின் அடியிலும் செருகிய மெல்லிய ஊசிகள் அந்தத் துடிப்பைப் பதிவு செய்யும். இது எம்.ஈ.பி. பதில் பெரிதாக வருவதால் சராசரி எடுக்க வேண்டியதில்லை, ஒரே நொடியில் விடை கிடைத்துவிடும்.

மண்டையைத் திறக்காமலே மூளையை மின்சாரத்தால் தூண்டித் தசையை அசைக்க முடியும் என்று லண்டனில் மெர்ட்டனும் மார்ட்டனும் 1980இல் காட்டினார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த ஒற்றைத் துடிப்பு விழித்திருக்கும் ஆளிடம்தான் நன்றாக வேலை செய்தது. மயக்கத்தில் இருப்பவரிடம் பதில் வராது. 1990களில்தான் ஐந்தாறு துடிப்புகளைச் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் சரமாகக் கொடுக்கும் முறை வந்து, எம்.ஈ.பி. அன்றாட வேலைக்கு ஆயிற்று. ஏன் சரம் வேண்டியிருந்தது என்பதில்தான் மயக்க மருந்தின் கதை இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

இரண்டு சோதனையும் எதற்கு, ஒன்று போதாதா? போதாது. தண்டுவடத்தின் முன்பக்க மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ரத்தக்குழாய்தான் ரத்தம் தருகிறது. பின்பக்க மூன்றில் ஒரு பங்குக்கு வேறு இரண்டு குழாய்கள். முன்பக்கக் குழாய் அடைபட்டால் காலை அசைக்கும் பாதை பட்டுப்போகும், புலன் பாதை ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்துகொண்டிருக்கும். எஸ்.எஸ்.ஈ.பி.யை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசி வரை எல்லாம் சரி என்றே திரை சொல்லும். நடக்க வேண்டிய கால் சம்பந்தப்பட்ட ஆபரேஷனில் எம்.ஈ.பி. இல்லாமல் எஸ்.எஸ்.ஈ.பி. மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது.

மயக்க மருந்து எங்கே குறுக்கே வருகிறது

மயக்கவியலின் வேலையே நரம்பு மண்டலத்தை அடக்குவதுதான். நினைவு போக வேண்டும், வலி தெரியக்கூடாது, உடம்பு அசையக்கூடாது. இப்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, “டாக்டர், நரம்பு மட்டும் நல்லா முழிச்சிருக்கணும்” என்கிறார். தலைமாட்டில் நிற்பவருக்குச் சங்கடம்தான்.

ஒரு நரம்பு நீளவாக்கில் செய்தியைக் கடத்துவதை மயக்க மருந்துகள் பெரிதாகத் தடுப்பதில்லை. ஒரு நரம்பு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் செய்தி தாவும் இடம் இருக்கிறதே, அங்கேதான் கை வைக்கின்றன. ஆகவே எந்தச் சோதனையில் இந்தத் தாவல்கள் அதிகமோ, அது சீக்கிரம் அடங்கிப்போகும். காது நரம்புக்குச் சத்தம் கொடுத்து மூளைத்தண்டில் பதிவு செய்யும் சோதனை எந்த மருந்துக்கும் அவ்வளவாக அசையாது. கண்ணில் ஒளி காட்டி மூளையின் பின்பகுதியில் பார்க்கும் சோதனை லேசான மருந்துக்கே படுத்துவிடும். எஸ்.எஸ்.ஈ.பி. நடுவில். எம்.ஈ.பி. ரொம்பவே தொட்டாற்சிணுங்கி. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு தசையைத் தொடும் இடத்திலும், மூன்று இடத்தில் அதை மடக்க முடியும்.

சரம் சரமாகத் துடிப்பு கொடுப்பது இதனால்தான். மயக்கத்தில் தண்டுவடத்து இயக்க செல் சோம்பிக் கிடக்கும். ஒரு செய்திக்கு எழுந்திருக்காது. இரண்டு, மூன்று மில்லிசெகண்டுக்கு ஒன்றாக ஐந்தாறு செய்திகள் வந்து குவிந்தால் எழுந்துவிடும். அதுவும் ஒரு எல்லை வரைதான். மருந்து அதிகமானால் எத்தனை துடிப்பு கொடுத்தாலும் பயனில்லை.

முதலில் வாயு மருந்துகள்: ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன். நம் ஊர் தியேட்டர்களில் தினமும் ஓடுபவை. வசதியானவை, அளவை ஒரு குமிழைத் திருப்பி மாற்றலாம். ஆனால் அளவு கூடக் கூட அலையின் உயரம் குறையும், வந்துசேரும் நேரம் நீளும். கத்தி பட்டதும் நோயாளிகளில் பாதிப் பேர் அசையாமல் இருக்கத் தேவைப்படும் அளவை ஒன்று என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் பாதியைத் தாண்டினாலே பலரிடம் எம்.ஈ.பி. தேய ஆரம்பித்துவிடும். சிரிப்பு வாயு என்று பழைய ஆட்கள் சொல்லும் நைட்ரஸ் ஆக்சைடும் இப்படித்தான். வாயு மருந்தோடு அதையும் சேர்த்தால் பாதிப்பு இன்னும் கூடும்.

ஆகவே வாயுவை விட்டுவிட்டு ஊசி வழி மயக்கம். பால் வெள்ளையாக இருக்கும் புரோப்போஃபால் நினைவை நிறுத்த, ஃபென்டனில் போன்ற மருந்து வலியை நிறுத்த. இரண்டும் சிரிஞ்ச் பம்ப்பில் சொட்டுச் சொட்டாக, நேரம் முழுக்கப் போகும். புரோப்போஃபாலும் அலைகளைக் குறைக்கத்தான் செய்யும். ஆனாலும் வாயு அளவுக்கு இல்லை. ஃபென்டனில் வகையறா கிட்டத்தட்டத் தொந்தரவே தராது.

கெட்டமின் தனி ரகம். பழைய மருந்து, விலை மலிவு. மற்ற மருந்தெல்லாம் அலையைக் குறைக்கும்போது இது பெரிதாக்கும். நரம்பு வளர்ச்சி முழுமையடையாத சின்னக் குழந்தைகளிடமும், ஏற்கெனவே கால் பலவீனமாக இருப்பவர்களிடமும் எம்.ஈ.பி. எடுப்பது பெரும்பாடு. கொஞ்சம் கெட்டமின் சேர்த்தால் காணாமல் போன அலை எட்டிப்பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகான வலியையும் குறைக்கும். அளவு கூடினால் கண்விழிக்கும்போது பிதற்றல், கெட்ட கனவு எல்லாம் வரும் என்பதால் அளந்துதான் கொடுப்பார்கள். அலையைப் பெரிதாக்கும் இன்னொரு மருந்து எட்டோமிடேட். ஆனால் அதைத் தொடர்ந்து ஓட்டினால் அட்ரினல் சுரப்பியை அடக்கிவிடும்.

தசை தளர்த்தி: எல்லோருக்கும் ஒரு சண்டை

சாதாரண ஆபரேஷனில் தசையை முழுதாகத் தளரவைக்கும் மருந்து கொடுப்பார்கள். அட்ராக்யூரியம், வெக்யூரோனியம், ரோக்யூரோனியம் என்று பல. நரம்பு தசையைத் தொடும் இடத்தை இது அடைத்துவிடும். நோயாளி அசையமாட்டார், முதுகுத் தசை இளகிக் கொடுக்கும், சர்ஜனுக்கு வேலை சுகம். ஆனால் எம்.ஈ.பி.யின் விடை தசைத் துடிப்புதானே? தசை அடைபட்டால் திரையில் ஒன்றுமே வராது. தண்டுவடம் நன்றாக இருந்தாலும் வராது, அறுந்து போயிருந்தாலும் வராது.

வேடிக்கை என்னவென்றால் எஸ்.எஸ்.ஈ.பி.க்கு இதே மருந்து நல்லது. தசை இரைச்சல் அடங்கி அலை சுத்தமாக வரும். ஆக ஒரே மருந்து ஒரு சோதனைக்கு உதவி, இன்னொன்றுக்கு எதிரி.

நடைமுறையில், தொண்டையில் குழாய் போடும்போது மட்டும் ஒரு டோஸ் கொடுத்து, அப்புறம் நிறுத்திவிடுவார்கள். சில நிமிடங்களில் கரைந்துவிடும் ஸ்கோலினோ, ஒரு டோஸ் ரோக்யூரோனியமோ. ரோக்யூரோனியத்தைச் சட்டென்று அகற்ற சுகமாடெக்ஸ் என்ற மருந்து இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கூட. தசை நோயால் முதுகு வளைந்த பிள்ளைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். டுஷென் தசைநார்த் தேய்வு உள்ளவருக்கு ஸ்கோலின் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம்.

தளர்த்தி நிஜமாகவே விலகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? மணிக்கட்டு நரம்பில் நொடிக்கு இரண்டு வீதம் நான்கு துடிப்பு கொடுத்துக் கட்டைவிரலைப் பார்ப்பார்கள். மருந்து மிச்சமிருந்தால் நான்காவது அசைவு முதலாவதைவிட வலுவில்லாமல் இருக்கும், அல்லது வரவே வராது. இந்த நாலு துடிப்புச் சோதனை 1970 வாக்கில் லிவர்பூலில் வந்தது. இன்று தசை தளர்த்தி கொடுக்கும் எந்த ஆபரேஷனிலும், முதுகாக இருந்தாலும் குடலிறக்கமாக இருந்தாலும், நோயாளியைக் குழாயிலிருந்து விடுவிக்கும் முன் நான்காவது அசைவு முதலாவதில் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும் என்பது வழக்கம். மானிட்டரிங் என்று தனியாகப் பணம் கட்டாதவருக்கும் தேவைப்படும் நரம்புச் சோதனை இதுதான்.

தசை தளர்த்தி இல்லை என்றால் நோயாளி அசைவாரே? புரோப்போஃபாலும் ஃபென்டனிலும் போதிய ஆழத்தில் இருந்தால் அசையமாட்டார். எம்.ஈ.பி. கொடுக்கும் அந்த நொடியில் மட்டும் உடம்பு ஒரு தூக்கு தூக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் நான் “எம்.ஈ.பி. போடலாமா?” என்று குரல் கொடுப்பேன். சர்ஜன் கருவியைத் தண்டுவடத்திலிருந்து எடுத்துவிட்டு “ம்” என்பார். தாடைத் தசையும் சேர்ந்து இறுகுவதால் நாக்கு பல்லிடையே மாட்டும் வாய்ப்பு உண்டு. கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் இரு பக்கமும் சுருட்டிய காஸ் துணியை மயக்க மருந்து டாக்டர் வைத்திருப்பார். குப்புறப் படுக்கவைத்த பிறகு அது நழுவியிருக்கிறதா என்று மறுபடி பார்ப்பதும் அவர்தான்.

“வாயு இல்லாமல் ஊசி மட்டும் என்றால் நடுவில் நினைவு வந்துவிடாதா?” இதைக் கேட்காத குடும்பம் குறைவு. கையில் போட்ட ஊசி துணிக்கு அடியில் கழன்று, மருந்து படுக்கையில் கொட்டிக்கொண்டிருந்தால் அப்படி ஆகலாம். அதற்காகத்தான் நெற்றியில் ஒரு பட்டை ஒட்டி மூளையலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பைஸ் என்ற கருவியில் 40க்கும் 60க்கும் இடையில் எண் இருந்தால் ஆள் ஆழத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். தசை தளர்த்தி இல்லாததில் ஒரு லாபமும் இருக்கிறது. மயக்கம் லேசானால் நோயாளி அசைந்து காட்டிவிடுவார்.

திரையில் அலை சரிந்தால்

ஆபரேஷன் ஆரம்பத்தில் எடுத்த பதிவை அடிப்படையாக வைத்துக்கொள்வோம். எஸ்.எஸ்.ஈ.பி. உயரம் பாதியாகக் குறைந்தாலோ, வந்துசேரும் நேரம் 10 சதவீதம் நீண்டாலோ எச்சரிக்கை. எம்.ஈ.பி.க்கு ஒரே அளவுகோல் கிடையாது. பாதிக்கு மேல் போனால் உஷாராகும் குழுவும் உண்டு, 80 சதவீதம் சரிந்தால்தான் என்று வைத்திருக்கும் குழுவும் உண்டு. முழுதாக மறைந்தால் எல்லோருக்குமே அபாயம்தான்.

அந்தப் பெண்ணுக்கு ராடு போட்டு நிமிர்த்தி ஐந்து நிமிடம் ஆகிறது, எம்.ஈ.பி. சரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி: காலில் மட்டுமா, கையிலுமா? நெஞ்சுப் பகுதி முதுகில் நடக்கும் ஆபரேஷன் கைக்குப் போகும் பாதையைத் தொடாது. நான்கு கைகால்களிலும் ஒன்றாகச் சரிந்தால் சந்தேகம் மயக்க மருந்தின் மேலும், ரத்த அழுத்தத்தின் மேலும், உடல் வெப்பத்தின் மேலும், கழன்ற ஒயரின் மேலும் போகும். கை அப்படியே இருக்க இரண்டு காலும் போனால் சர்ஜன் செய்ததில் பிரச்சினை. ஒரு கால் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து ஸ்க்ரூ. ஆபரேஷன் முதுகில் என்றாலும் கையிலும் ஊசி குத்துவது இதற்காகத்தான். கை ஒன்றில் மட்டும் புலன் அலை குறைந்தால் அது இன்னொரு தகவல்: குப்புறப் படுத்ததில் அந்தத் தோள் இழுபட்டிருக்கிறது, கையைக் கொஞ்சம் மாற்றி வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கு சரியாக வரவேண்டும் என்றால் மயக்க மருந்து நிதானமாக ஓட வேண்டும். ரத்த அழுத்தம் ஏறுகிறதே என்று டாக்டர் ஒரு சிரிஞ்ச் புரோப்போஃபாலைத் தள்ளிவிட, அதே நிமிடம் சர்ஜன் ராடைத் திருப்ப, அலை விழுந்தால் யார் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. முக்கியமான கட்டத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பிருந்தே மருந்து அளவை மாற்றாமல் இருப்பதும், மாற்றினால் வாய்விட்டுச் சொல்வதும் நல்ல குழுவின் அடையாளம். மணிக்கணக்கில் ஓடும் ஆபரேஷனில் யாரும் எதுவும் செய்யாமலே எம்.ஈ.பி. மெல்ல மெல்லத் தேய்வதும் உண்டு. அதைச் சட்டென்ற சரிவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

எச்சரிக்கை சொன்னதும் தியேட்டரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தப்படும். மயக்க மருந்து டாக்டர் முதலில் ரத்த அழுத்தத்தை ஏற்றுவார். ரத்தக்கசிவு குறையட்டும் என்று அதுவரை கொஞ்சம் தாழ்த்தி வைத்திருப்பார்கள். இழுபட்ட தண்டுவடத்துக்கு அந்த அழுத்தம் போதாது, சராசரி அழுத்தத்தை 85க்கு மேல் கொண்டுபோகப் பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு, உடம்பு சில்லிட்டிருக்கிறதா, கார்பன் டை ஆக்சைடு எப்படி, கடைசியாக என்ன மருந்து போனது என்று வரிசையாகப் பார்ப்பார். நான் ஒயர்களைப் பார்ப்பேன். சர்ஜன் கடைசியாகச் செய்ததைத் தளர்த்துவார், காயத்தில் வெதுவெதுப்பான சலைன் விடுவார். பெரும்பாலும் அலை திரும்பி வந்துவிடும். வராவிட்டால் ராடையே எடுத்துவிட்டு, ஸ்டாக்னாரா சொன்னபடி எழுப்பிப் பார்க்கிற முடிவுக்கும் போவார்கள்.

1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 51,263 முதுகெலும்பு ஆபரேஷன்களின் விவரத்தைத் திரட்டியது. எஸ்.எஸ்.ஈ.பி. கண்காணிப்பில் அனுபவமுள்ள குழுக்களிடம் நரம்புப் பாதிப்பு, அனுபவம் குறைந்த குழுக்களிடம் இருந்ததில் பாதிக்கும் கீழே. இரண்டு தரப்பிடமும் கருவி இருந்தது. அதனால் செலவுத் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பவர்களிடம், ‘எந்தக் கம்பெனி மெஷின்’ என்பதைவிட ‘யார் பார்க்கிறார்கள், மயக்க மருந்து டாக்டர் இந்த மாதிரி கேஸ் அடிக்கடி செய்கிறாரா’ என்று கேளுங்கள் என்பேன். மூளை, தண்டுவட ஆபரேஷன்களுக்கான மயக்கவியலை மட்டும் தனியாகப் படிக்கும் டி.எம். பட்டம் நம் நாட்டில் உண்டு. ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸிலும் அதைக் கற்பிக்கிறார்கள்.

முதுகுக்கு வெளியே

இதே யோசனை வேறு இடங்களிலும் ஓடுகிறது. காது நரம்புக் கட்டி, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி ஆபரேஷன்களில் முக நரம்பைத் தூண்டி முகத்தசை துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜெர்மனியில் ஃபெடோர் க்ராவுசே 1898லேயே ஆபரேஷன் நடுவில் முக நரம்பை மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். தைராய்டு ஆபரேஷனில் குரல் நரம்பு. அங்கே எலக்ட்ரோடு தொண்டைக் குழாயிலேயே ஒட்டியிருக்கும், குரல்நாண்களுக்கு நேராக அது நிற்க வேண்டும். குழாய் கொஞ்சம் மேலே கீழே போனாலோ திரும்பினாலோ வேலை கெட்டது. அதை நிறுத்துவதும் மயக்க மருந்து டாக்டர்தான். இவை எல்லாமே தசையைப் பார்க்கும் சோதனைகள், ஆகவே அங்கும் தசை தளர்த்தி கூடாது.

தண்டுவடத்துக்கு உள்ளேயே கட்டி என்றால் தண்டுவடத்தை ஒட்டி எலக்ட்ரோடு வைத்து, மூளையிலிருந்து இறங்கும் செய்தியை வழியிலேயே பிடிப்பார்கள். டி-வேவ் என்பார்கள். அந்த இடம் வரை எந்தத் தாவலும் இல்லாததால் மயக்க மருந்தோ தசை தளர்த்தியோ அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. எம்.ஈ.பி. போய்விட்டாலும் டி-வேவ் பாதிக்கு மேல் நின்றால் கால் பலவீனம் தற்காலிகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூளையில் பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் ஆளை விழிக்கவைத்தே ஆபரேஷன் செய்வதும் உண்டு. தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்து, பேசவைத்துப் பார்ப்பார்கள். 2017இல் பெங்களூரில் விரல்கள் தானாக மடங்கும் நோய்க்கு மூளையில் ஆபரேஷன் நடந்தபோது நோயாளி கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த செய்தி நாடெங்கும் பரவியது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீசில் ஆங்கிலம் என்று வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு மொழியையும் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும். எல்லா மொழியும் மூளையில் அதே புள்ளியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இல்லை.

வீட்டு ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் வந்து பார்க்கும்போது சிலவற்றை மறக்காமல் சொல்லிவிடுங்கள். வலிப்பு வந்ததுண்டா, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, காதுக்குள் காக்ளியர் கருவி, தலையில் பழைய ஆபரேஷன் தகடு இருக்கிறதா, பல் ஆடுகிறதா. இதில் எதுவும் இருந்தால் எம்.ஈ.பி.யே கூடாது என்று இல்லை, யோசித்துச் செய்வார்கள். நீண்டகாலச் சர்க்கரை நோயில் கால் எரிச்சல், மரமரப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த நரம்பில் ஆரம்பத்திலேயே அலை சின்னதாகத்தான் வரும். முன்பே தெரிந்தால் தேவையில்லாத கலவரம் மிச்சம்.

முடிந்து வெளியே வரும்போது தலைமுடிக்குள் சின்ன ரத்தப் பொட்டுகள், கால்களில் ஊசிக் குத்துகள் இருக்கும். “முதுகு ஆபரேஷனுக்குத் தலையில எதுக்கு ஊசி போட்டாங்க?” என்று பதறுகிறார்கள். அவை எலக்ட்ரோடு ஊசிகளின் தடம், ஓரிரு நாளில் ஆறிவிடும். நாக்கில் சின்னக் கடி, தாடை வலி இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. தியேட்டரை விட்டு வரும்போது இந்த ஒயர்கள் எல்லாம் கழற்றப்பட்டுவிடும். அதன் பிறகு காயத்துக்குள் ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்தினால் என் திரைக்குத் தெரியாது. அதனால்தான் முதல் நாள் இரவு முழுக்க நர்ஸ் வந்து வந்து காலை அசைக்கச் சொல்வார். தூங்கும் பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்கிறீர்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். முன்பு நன்றாக அசைந்த கால் இப்போது சோர்ந்தாலோ, மரத்துப்போகிறது என்று பிள்ளை சொன்னாலோ, காலை ரவுண்டு வரை காத்திருக்காமல் அப்போதே டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.